ஒன்றரை ஷிஃப்ட்

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஊருக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திண்ணையில் ஒரு பச்சை பக்கெட் கண்ணில் பட்டது. அதற்குள் சுருட்டிய பாய், ஒரு குக்கர், இரண்டு தட்டு. அண்ணன் மகனுடைய பக்கெட். திருப்பூரில் அவன் ரூம் எடுத்தபோது நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்கு வருகிறவன் துணிப்பையோடு வருவான், பக்கெட்டோடு வரமாட்டான்.

“என்னடா, ரூமைக் காலி பண்ணிட்டியா?”

“ஒரு ஷிஃப்ட்தான் அத்தை ஓடுது. அதை வெச்சிக்கிட்டு அங்க எதுக்கு உக்காந்திருக்கணும்?”

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். அவனும் நானும் வேலை செய்வது திருப்பூரில். அவன் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் என்கிற தையல் மெஷினில் டெய்லர். நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, இப்போது ஷிப்மென்ட் காகிதங்கள் பார்க்கிறேன்.

திருப்பூர் தெரியாதவர்களுக்கு இந்த ஷிஃப்ட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிஃப்ட். டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து ராத்திரி எட்டரை ஒன்பது வரை தைத்தால் ஒன்றரை. “உங்க கம்பெனியில என்ன ஓடுது?” என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்போம். ஒரு ஷிஃப்ட் காசு ரூம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகிவிடும். ஊருக்கு அனுப்புவது, சீட்டு கட்டுவது, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்ப்பது எல்லாம் அந்த அரை ஷிஃப்டில்தான் இருக்கிறது. அந்த அரையை நிறுத்தினால் யாரையும் வேலையை விட்டு எடுத்ததாகக் கணக்கில் வராது. ஆள் இருப்பார், பேரேட்டில் பெயர் இருக்கும், பி.எஃப். கூடப் பிடிப்பார்கள். ஊருக்குப் பணம் மட்டும் போகாது. பத்திரிகையில் ‘வேலையிழப்பு’ என்று எத்தனை ஆயிரம் போட்டாலும் என் அண்ணன் மகன் அந்த ஆயிரத்தில் இருக்கமாட்டான். அவன் தானாக ஊருக்கு வந்தவன்.

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. எண்ணெய் வாங்கியவர்கள் யாரோ, பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவன் யாரோ. சரி, அந்தப் பேச்சு இருக்கட்டும், ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீதம் வரி உண்டு, சலுகை ஒப்பந்தம் இல்லாத எல்லா நாட்டுக்கும். அதன் மேல் 50 ஏறியபோது 66.5. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான், ஆக 36.5. நாலு டாலருக்கு நாம் அனுப்பும் சட்டைக்கு வரி 2 டாலர் 66 சென்ட். அதே நாலு டாலர் சட்டை டாக்காவிலிருந்து போனால் 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட், நம் காசில் நூறு ரூபாய்க்கு மேல். அந்தச் சட்டையை வெட்டி, தைத்து, பிசிறு நறுக்கி, செக் பண்ணி, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைக்கிற அத்தனை பேர் கூலியைக் கூட்டினாலும் நூறு ரூபாய் வராது. எல்லாரும் ஒரு மாதம் சும்மா வந்து தைத்துக் கொடுத்தாலும் இந்தப் பள்ளத்தை மூட முடியாது என்று அர்த்தம். கூலியைக் குறைத்துப் போட்டியில் நிற்பது என்கிறார்களே, அது இந்த அளவுப் பள்ளத்தில் பேச்சுக்கே வராது.

காகிதம் பார்க்கிற வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதைப் பார்த்தாலும் அதன் சுங்க எண் ஞாபகம் வரும். உலகத்தில் எல்லைதாண்டும் எந்தப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு, நம் ஊரில் எட்டு இலக்கம். டி-ஷர்ட் 6109இல் தொடங்கும். தேயிலை 0902. எக்ஸ்ரே ஃபிலிம் 3701. ஒருநாள் ஆபீசில் சும்மா இருந்தபோது எண்ணிப் பார்த்தேன்: எங்கள் வீட்டையும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களையும் இந்த மூன்று எண்ணுக்குள் அடைத்துவிடலாம்.

0902 அப்பாவுடையது.

அப்பா ஒரு பாட் லீஃப் பேக்டரியில் வாட்டல் பகுதியில் இருந்தார். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கும் பேக்டரிக்கு மலையில் இந்தப் பெயர். சாயங்காலம் லாரி வந்து கொழுந்துச் சாக்கை இறக்கினால், நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, ராத்திரி முழுக்க வாட்ட வேண்டும். ஈரம் அதிகம் இருந்தால் ரோலரில் கூழாகும், குறைந்தால் பொடியாகி நிறம் போய்விடும். சுவரில் வெப்பமானி தொங்கும், அப்பா அதைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தொட்டியின் நடுவில் கையை விட்டு ஒரு கைப்பிடிக் கொழுந்தை எடுப்பார். இறுக்கி உருண்டை பிடிப்பார். விரலை விரித்துவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். உருண்டை பட்டென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. விரியாமல் அப்படியே கிடந்தால் அதிகம் வாடிவிட்டது. தூங்கி எழுகிறவன் சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாகப் பிரிந்தால், “எறக்கு” என்பார். அரைத்த இலை காற்றில் கிடந்து பச்சை நிறம் செம்பு நிறமாகிற இடத்திலும் அப்படித்தான். பச்சை வாடை போய்ப் பழ வாடை வரும் நிமிஷத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்த மூக்குக்கு வீட்டில் எங்களுக்கு நல்ல பயம்.

அந்தத் தூள் எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டால் “ரஷ்யாவுக்கு” என்பார். உண்மைதான். 1953இல் சோவியத் யூனியனோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி சரக்குக்கு ரூபாயிலேயே கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். அவர்கள் இயந்திரமும் எண்ணெயும் ஆயுதமும் கொடுப்பார்கள், நாம் தேயிலை, முந்திரி, தோல், துணி என்று கொடுப்போம். சோவியத்தின் கடைசிக் காலத்தில் இந்தியாவின் தேயிலை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அவர்கள்தான் வாங்கினார்கள். 1963இல் குன்னூரில் ஏல மையம் வந்தது, கூட்டுறவுப் பேக்டரிகள் ஒவ்வொன்றாக வந்தன, 1965இல் அவற்றுக்கென்று இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு வந்தது. உருளைக்கிழங்கு போட்ட சரிவெல்லாம் தேயிலையாக மாறியது. இத்தனைக்கும் பின்னால் எங்கோ ஒரு பெரிய வாயும் அதற்கு வழிவிட்ட ஒரு ஒப்பந்தமும் இருந்தன என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த வாய் ருசி பார்க்காமல் விழுங்கிய வாய் என்று அப்பா சொல்வார். எதைக் கொடுத்தாலும் வாங்கினார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளின கைகள் கத்தரிக்கு மாறின. முற்றல் இலையும் தண்டும் சாக்கில் வந்தன. “இதை எங்கப்பா வாட்டுறது, விறகுக்குத்தான் ஆகும்” என்று அப்பா சத்தம் போட்டால் முதலாளி, “ஓடுதில்லப்பா, ஓட்டு” என்பாராம்.

1991இல் சோவியத் போனது. ஆனால் மலையில் அன்றைக்கே எதுவும் இடிந்து விழவில்லை. பழைய கடனைச் சரக்காகவே தீர்க்கலாம் என்று 1993இல் ஒரு ஏற்பாடு ஆனது, அந்தச் சரக்கில் தேயிலையும் இருந்ததால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல மெல்ல அங்கே தனியார் வியாபாரிகள் வந்தார்கள். அவர்கள் சொந்தக் காசு போட்டு வாங்குகிறவர்கள், கோப்பையில் ஊற்றி ருசி பார்த்தார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்ய ரூபிளின் மதிப்பு விழுந்தது. கிலோ பதினைந்து ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த பச்சைத் தேயிலை, இரண்டு வருஷத்துக்குள் எங்கள் பக்கத்தில் ஐந்து ரூபாய்க்கும் கீழே வந்தது. ஒரு கிலோ தூளுக்கு நாலு நாலரைக் கிலோ இலை வேண்டும். கிள்ளுகிற கூலி கூடக் கட்டாதென்று பலர் இலையைச் செடியிலேயே விட்டார்கள். லாரி வரவில்லை. லாரி வராத ராத்திரி அப்பாவுக்கு வேலை இல்லை. வாரத்தில் ஆறு ராத்திரி போனவர் மூன்று ராத்திரி போனார். அவரையும் யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

அப்போது நான் பிளஸ் டூ. கல்லூரிக்கு ஃபார்ம் வாங்குவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தச் சமயம்தான் இலங்கைத் தேயிலை வரப்போகிறது என்று பேச்சு வந்தது. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கையெழுத்துப் போட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலை ஏழரை சதவீத வரியில் உள்ளே வரலாம். டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. எங்கள் அம்மாயி முற்றத்தில் வெயிலுக்கு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஆள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் எங்களைப் போன்றவர்களுக்கென்று அரசு போட்ட டேன்டீ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அம்மாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அப்ப ஆளை அனுப்புனான். இப்ப கொழுந்தையும் அனுப்புறானா? நல்லாத்தான் இருக்கு ஒப்பந்தம்” என்றது.

நான் பல வருஷம் அந்த ஒப்பந்தம்தான் அப்பாவின் ராத்திரிகளைத் தின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காகித வேலைக்கு வந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது இந்தியாவின் உற்பத்தி வருஷத்துக்கு 80 கோடி கிலோவுக்கு மேல். 1.5 கோடி அதில் இரண்டு சதவீதம் கூட இல்லை, அந்த அளவும் முழுசாக வந்து இறங்கியதில்லை. இன்னொன்றும் உண்டு. 2001 பட்ஜெட்டில் தேயிலை இறக்குமதி வரியை 35இலிருந்து 70 சதவீதமாக ஏற்றினார்கள், அடுத்த வருஷம் 100. சுவரை ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்த்தியாயிற்று. அப்பாவின் பேக்டரிக்கு லாரி வந்ததா? வரவில்லை. உள்ளே வருகிறவனைத் தடுக்கத்தான் சுவர் உதவும், வெளியே வாங்கிக்கொண்டிருந்தவன் போய்விட்டால் அது என்ன செய்யும்? ருசி பார்க்கிறவனுக்குத் தகுந்த தூளை மறுபடி போடக் கற்க மலைக்குப் பத்துப் பதினைந்து வருஷம் பிடித்தது. அதிலும் பாதிப் பேர்தான் கற்றோம் என்பேன். இதைச் சொன்னால் ஊரில் என்னைத் திட்டுவார்கள்.

3701க்கு வருகிறேன்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் பேக்டரியில் இருந்தார். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் மத்திய அரசு தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. தூசி இல்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்றுதான் மலையைத் தேர்ந்தார்கள். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து போயின. நாட்டில் எத்தனையோ பேருடைய உடைந்த எலும்பை ஊட்டி ஃபிலிமில்தான் டாக்டர் பார்த்திருப்பார்.

அந்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வேடிக்கை காட்டுவார். ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்வார். எங்கள் வீட்டில் அவருக்குப் பழக்கமில்லாத அறை, நடுவே தட்டுமுட்டுச் சாமான், சின்னப் பிள்ளைகள். எதிலும் இடிக்காமல் நடந்துபோய் அலமாரியில் இருக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு வருவார். ஃபிலிமில் மருந்து பூசுகிற இடத்தில் வெளிச்சம் கூடாது. கிட்டத்தட்ட முழு இருட்டில் எட்டு மணி நேரம். “கண்ணை நம்புறவன் அங்க அடிபடுவான். சுவத்தோட ஒரு பக்கமா போகணும், எதிர்ல வர்றவனுக்குக் குரல் குடுக்கணும்” என்பார். ஒரு ஃபிலிம் துண்டைக் கொடுத்தால் எந்தப் பக்கம் மருந்து என்று இருட்டிலேயே சொல்வார். விரல் நுனியை லேசாக நனைத்துத் தொடுவார், ஒட்டிப் பிடிக்கிற பக்கம் மருந்துப் பக்கம். எங்கள் கண்ணைக் கட்டிவிட்டு எங்களையும் செய்யச் சொல்வார். எனக்கு ஒருதரம் கூடச் சரியாக வந்ததில்லை.

அந்த பேக்டரி முப்பது வருஷம் பெரிய சுவருக்குள் இருந்தது. 1980களின் கடைசியில் நம் நாட்டில் சில பொருள்களுக்கு இறக்குமதி வரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, உச்ச வரி 1991இல் 150 ஆனது. அடுத்தடுத்த பட்ஜெட்டுகளில் 110, 85, 65, 1995இல் 50. வெளியில் 100 ரூபாய்க்குச் செய்கிற சரக்கு, உச்ச வரி கட்டி உள்ளே வரும்போது 250 ரூபாயாக இருந்தது, நாலே வருஷத்தில் 150 ரூபாய். 240க்கு விற்றுச் சமாளித்துக்கொண்டிருந்தவன் நாலு வருஷத்தில் 140க்குச் செய்யக் கற்க வேண்டும். உலகத்தில் எந்த பேக்டரிக்கு அது முடியும் என்று தெரியவில்லை. அதே நேரத்தில்தான் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கென்று நூற்றுக்கணக்கான கோடி கடன் வாங்கிப் புதிய பிளான்ட் போட்டிருந்தார்கள். சரக்கு விலை இறங்க இறங்க வட்டி ஏறிக்கொண்டே போனது. தொண்ணூறுகளின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்றாகிவிட்டது. 2014இல் மத்திய அமைச்சரவை மூடுவதற்கு ஒப்புதல் கொடுத்து, இருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள்.

டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது, யார் இருந்தாலும் மூடத்தான் வேண்டும் என்று சொல்வார்கள். முடிவாகப் பார்த்தால் சரிதான். ஆனால் பேக்டரி நலிந்தபோது நம் ஊர்க் கல்யாணங்களில் இன்னும் ஃபிலிம் ரோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் வந்து அடித்தது ஏற்கெனவே படுத்துக் கிடந்த ஆளை. வரியைக் குறைத்தது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க வந்த ஏழை நோயாளிக்கு விலை குறைந்தால் நல்லதுதானே. எனக்கு வருத்தம் சுவர் இருந்த முப்பது வருஷத்தைப் பற்றி. தென்கொரியாவிலும் சுவர் கட்டினார்கள். ஆனால் 1960, 70களில் அங்கே சுவருக்குள் இருந்த கம்பெனியிடம் இந்த வருஷம் வெளிநாட்டுக்கு எவ்வளவு விற்றாய் என்று கேட்டார்கள், விற்றவனுக்குத்தான் மலிவுக் கடன். இங்கே நாம் அப்படி யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே முப்பது வருஷம் வைத்திருந்துவிட்டு, நாலு வருஷத்தில் கதவைத் திறந்தோம். அந்த நாலு வருஷத்தைப் பத்தாக்கியிருந்தால் மாமாவின் விரலுக்கு வேறு ஏதாவது வேலை பிடித்திருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு அவர் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கடையில் வர்க்கி விற்றுக்கொண்டிருந்தார். பாக்கெட்டைக் கையில் தூக்கியதுமே கால் கிலோவுக்கு ஒரு துண்டு குறைகிறது என்று சொல்லிவிடுவாராம். கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார்.

நான் கீழே இறங்கினது 2003இல். திருப்பூரில் அப்போது ‘கோட்டா’ என்ற சொல்லைக் கேட்காமல் ஒருநாள் போகாது. எந்த நாடு எத்தனை சட்டை அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளவு வைத்திருந்தன. 1974இலிருந்து இருந்த ஏற்பாடு அது. அளவு முடிந்துவிட்டால் ஆர்டர் இருந்தும் அனுப்ப முடியாது. 2005 ஜனவரி 1ஆம் தேதி அது முழுசாகப் போனது. அதற்கு முந்தைய வருஷத்திலேயே எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு மாடி கட்டினார்கள். மதுரை, தேனி, தஞ்சாவூர் என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், அப்புறம் ஒடிசாவும் பீகாரும். என் அண்ணன் மகன் மாதிரி மலைப் பிள்ளைகளும் இறங்கினார்கள். வர்த்தகக் கொள்கை வேலையைத் தின்னும் என்று மட்டும் எழுதினால் நான் நன்றி கெட்டவள். என் வீட்டுக் கூரையும் என் மகளின் காலேஜ் ஃபீஸும் 2005 ஜனவரி 1இலிருந்து வந்தவை. 2011இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களையும் கொரோனா மாதங்களையும் தவிர்த்தால், ஒன்றரை ஓடாத வருஷம் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பழக்கம்தான் கெடுதல். அமெரிக்கா ஒன்றுக்கே எங்கள் ஊர்ச் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. முழுக்க அமெரிக்க ஆர்டரில் நின்ற கம்பெனிகளும் உண்டு, அண்ணன் மகனுடையது அதில் ஒன்று. ரஷ்யாவுக்கே விற்றுப் பழகிய அப்பாவின் முதலாளியை நான் குறை சொன்னேனே, இவர்கள் மட்டும் என்ன?

ஆகஸ்டுக்குப் பிறகு அரசு சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். பஞ்சு இறக்குமதிக்கு 2021இலிருந்து இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்து, பிறகு டிசம்பர் கடைசி வரை நீட்டித்தார்கள். நூல் விலைக்கு அது கொஞ்சம் உதவும். இதைத்தான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். சட்டைக்கு வரி இல்லாத சந்தையைத் தேடிக்கொண்டே சட்டைக்கான பஞ்சுக்கு நாமே வரி போட்டுக்கொண்டிருந்தோம். ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் பத்து சதவீதத்தை ஒட்டி நாம் கட்டிக்கொண்டிருந்த வரி அங்கே போகும் என்றார்கள். பங்களாதேஷ் அந்த வரியை எப்போதோ கட்டாமல் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளுக்கும் முதல் ஆர்டர் டேபிளில் வந்து விழும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு வருஷம் இருக்கிறது. அத்தனை நாள் ரூம் வாடகைக்கு ஹவுஸ் ஓனர் காத்திருக்கமாட்டார்.

நவம்பர் நடுவில் ஒரு செய்தி வந்தது. காபி, டீ, வாழைப்பழம் மாதிரி தங்கள் ஊரில் விளையாதவற்றுக்கு அமெரிக்கா அந்தக் கூடுதல் வரியை எடுத்துவிட்டது. அங்கே கடையில் விலை ஏறிப்போய் ஜனங்கள் முணுமுணுத்ததுதான் காரணம். ஆக 0902 தப்பித்தது, 6109 மாட்டிக்கொண்டு நின்றது. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “அப்ப இவனை இங்கேயே டீ பேக்டரியில சேத்துடலாமா?” என்றான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

ஆனால் பையன் நிஜமாகவே போனான். அப்பா வேலை பார்த்த அதே பேக்டரி, இப்போது வேறு முதலாளி. டிரையருக்கு விறகு தள்ளுகிறவர்களும் சாக்கு தூக்குகிறவர்களும் ஜார்க்கண்டும் அசாமும். நம் பிள்ளைகள் கீழே போனதால் காலியான இடத்துக்கு வந்தவர்கள். அவர்களைத் தள்ளிவிட்டு இவனுக்கு வேலை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. “சும்மா வாட்டல்ல ராத்திரி நில்லு, இஷ்டமிருந்தா கத்துக்க” என்றார்களாம். கூலி அவன் திருப்பூரில் வாங்கியதில் பாதி.

கார்த்திகைக்கு நான் போயிருந்தபோது பார்த்தேன். உறைபனி தொடங்கிவிட்டது. சரிவின் அடியில் செடிகள் காலையில் உப்புத் தூவின மாதிரி இருக்கும், பத்து மணி வெயிலில் கருகிப்போகும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் பேரனுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆசையில் மங்கி குல்லாயும் கம்பளியுமாக வந்து நின்றார். பையன் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தான். இறுக்கினான். விரித்தான். உருண்டை பிரிகிறதை அவன் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பேட்லாக்கில் ஆறு வருஷம் இருந்தவன். துணியைத் தொட்டே சதுர மீட்டருக்கு 160 கிராமா 180ஆ என்று சொல்வான், தவறாது.

“ரிப் துணி மாதிரி இருக்கு தாத்தா. இழுத்தா திரும்பி வருது.”

“என்ன மாதிரியோ. எறக்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு.”

“இன்னும் ஒரு மணி நேரம்.”

அப்பா அவன் கையிலிருந்து வாங்கித் தானும் ஒருதரம் இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் சரி என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

வரிப்பட்டியலில் கொழுந்துக்கு எண் உண்டு, சட்டைக்கு உண்டு, ஃபிலிமுக்கு உண்டு. இந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் நான் எண் பார்த்ததில்லை. ஆறு வருஷம் பழகினது ஆறு மாதம் சும்மா இருந்தால் போய்விடும். கொரோனா முடிந்து டெய்லர்களைத் திரும்பக் கூப்பிட்டபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பழைய வேகத்துக்கு வரவே இரண்டு மாதம் ஆனது, சில பேர் வரவே இல்லை.

நான் கிளம்புகிற அன்று காலையில் அவனுக்குப் போன் வந்தது. கம்பெனி சூப்பர்வைசர். முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான், வாயிலிருந்து புகை புகையாக வந்தது. ஐரோப்பாவுக்கு ஒரு சின்ன ஆர்டராம், குழந்தைகள் நைட் சூட். திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்கிறார்கள்.

“எத்தனை ஓடும்ண்ணா?” என்றான்.

அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு திண்ணைக்குப் போய், பக்கெட்டில் அம்மா ஊறப்போட்டிருந்த துணியை எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினான்.

“ஒண்ணேகால்ன்னு சொல்றாங்க அத்தை. அப்படி ஒரு ஷிஃப்ட் இருக்கா?”